கணக்கு மேசையில் இனி என்ன வேலை?

பி.காம். முடித்து, பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் சென்டரில் டேலி கற்றுக்கொண்டால் ஒரு வேலை உறுதி. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இந்த நம்பிக்கை பல குடும்பங்களைத் தாங்கியிருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனி, சிவகாசி அச்சகம், ஈரோட்டு ஜவுளிக் கடை, கோவை பம்ப்செட் பட்டறை என்று எங்கே போனாலும் ஒரு கணக்கு மேசை உண்டு. பில்லைப் பார்த்து என்ட்ரி போட அங்கே ஒருவர் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்கள் பலருக்கு வீட்டுக்கு அருகிலேயே கிடைத்த மரியாதையான வேலை அது. இப்போது ஆட்டம் கண்டிருப்பது அந்த நாற்காலிதான்.

அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அதைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ட்ரி போடும் வேலை குறைகிறது, இன்னும் குறையும். கணக்கு வேலை குறையவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டுபவருக்குச் சம்பளம் கூடும். தாண்டாதவருக்கு நெருக்கடி வரும்.

என்ட்ரி எங்கே போகிறது

டேலி 1986-இல் பெங்களூரில் பிறந்தது. ஆலைகளுக்குப் பொருள் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா தன் கணக்கைப் பார்க்க ஒரு மென்பொருள் தேடினார். சரியானது கிடைக்கவில்லை. மகன் பரத் கோயங்கா எழுதிக் கொடுத்தார். பேரேட்டில் ஒவ்வொரு வரியாகப் பெயர்த்தெழுதி, மாதக் கடைசியில் கூட்டல் பொருந்தாமல் இரவு வரை தேடிய காலத்தை இதுபோன்ற மென்பொருள்கள் முடித்துவைத்தன. கூட்டும் வேலை கணினிக்குப் போனது, பதியும் வேலை மனிதரிடம் நின்றது. இன்று கைமாறுவது அந்தப் பதியும் வேலை.

இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1 அன்று, ஆண்டுக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு வந்தது. வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியாகிவிட்டது. விற்பவர் ஒருமுறை பதியும் பில் அரசுத் தளத்தில் தனி எண் பெறுகிறது. அங்கிருந்து அவருடைய ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்கும், வாங்கியவர் கழித்துக்கொள்ளக்கூடிய உள்ளீட்டு வரியைக் காட்டும் 2பி அறிக்கைக்கும் தானாகப் போய்ச் சேர்கிறது. அதே பில்லை வாங்கியவர் அலுவலகத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மறுபடி ஏன் தட்டச்சு செய்ய வேண்டும்? வங்கி ஸ்டேட்மென்ட் கோப்பாக இறங்கி, வரவு செலவோடு தானாகப் பொருந்துகிறது. கையால் எழுதிய பில்லைக்கூட மொபைலில் படம் பிடித்தால் தொகையையும் தேதியையும் படித்துக் கொடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அவை தப்பும் செய்கின்றன. ஆனால் நூறு பில்லில் தப்பானவற்றை மட்டும் திருத்துவதற்கு, நூறையும் தட்டச்சு செய்ய ஆகும் நேரம் ஆகாது.

ஆகவே, உங்கள் நாளின் பெரும்பகுதி பில்லைப் பார்த்துத் தட்டுவதில் போகிறது என்றால், அந்தப் பகுதிக்கு ஆயுள் குறைவு என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

கருவி வந்தும் வேலை குறையாத அலுவலகம்

இதற்கு நேர்மாறான ஒன்றும் கண்ணெதிரே நடக்கிறது. மென்பொருள் வந்துவிட்டது, ஆனாலும் மாதம் 20-ஆம் தேதி கணக்குப் பிரிவு ராத்திரி வரை உட்கார்ந்திருக்கிறது. ஏன்?

பெரிய அளவில் இதே கேள்வி 1987-இல் எழுந்தது. அந்த ஆண்டு நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ராபர்ட் சோலோ, கணினி யுகம் எங்கும் தென்படுகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணவில்லை என்று சுட்டிக்காட்டினார். பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-இல் அதற்கு மின்மோட்டாரின் கதையில் விடை தேடினார். எடிசனின் மின் நிலையம் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் 1882-இல் ஓடத் தொடங்கியது. அமெரிக்க ஆலைகளை ஓட்டும் சக்தியில் பாதி மின்மோட்டாரிலிருந்து வர 1920 வாக்கில்தான் முடிந்தது. முதலில் ஆலைக்காரர்கள் நீராவி எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். கூரைக்கடியில் ஓடிய நீளத் தண்டும் பெல்ட்டுகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் பொருத்தி, சரக்கு நகரும் வரிசைக்கு ஏற்ப இயந்திரங்களை இடம் மாற்றிப் போட்ட பிறகே உற்பத்தி எகிறியது.

நம் அலுவலகங்களில் பாதி இன்னும் அந்தப் பழைய தண்டோடும் பெல்ட்டோடும் ஓடுகின்றன. மென்பொருளில் பில் போட்டு, அதை அச்சிட்டு, முதலாளி கையெழுத்திட்டு, ஃபைலில் கோத்து, பிறகு எக்செல்லில் தனியாக ஒரு பட்டியல். ஒரே தகவல் பல இடங்களில் எழுதப்படுகிறது. வாங்கிய மென்பொருளால் ஒரு நிமிடமும் மிச்சமாகவில்லை.

உங்களுக்கான முதல் வாய்ப்பு இங்கேதான். ஜி.எஸ்.டி. மாதத்துக்கு ஒரு தாளகதி உண்டு: மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 14-ஆம் தேதி 2பி, 20-ஆம் தேதி வரி கட்டித் தாக்கல் செய்யும் 3பி. பெரும்பாலான இடங்களில் 2பி வந்த பிறகுதான் கொள்முதல் பில்களைத் தேட ஆரம்பிக்கிறார்கள். பிறகு ஆறே நாள். அந்த ஆறு நாளில் எந்த பார்ட்டி பில் ஏற்றவில்லை, யார் ஜி.எஸ்.டி. எண்ணைத் தப்பாகப் போட்டார் என்று கண்டுபிடித்துப் போன் போட்டு மன்றாட வேண்டும். இதையே வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் என்று மாற்றிப் பாருங்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் 2024 அக்டோபரில் வந்த இன்வாய்ஸ் மேலாண்மை வசதியில், விற்பவர் ஏற்றிய பில்களை 14-ஆம் தேதிக்கு முன்பே பார்க்கலாம். ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை, ஒரு வேலையின் நாளை மாற்றினால் போதும். இப்படி மாற்றத் தெரிந்தவரைத்தான் முதலாளி அடுத்த முறை மென்பொருள் வாங்கும்போது கூப்பிட்டுக் கேட்பார்.

வேலை போகுமா, மாறுமா?

இரண்டும் நடக்கும். வரிசைதான் முக்கியம்.

அமெரிக்க வங்கிகளின் கதையைப் பொருளியலாளர் ஜேம்ஸ் பெசன் ஆராய்ந்திருக்கிறார். ஏ.டி.எம். பரவியபோது நகரக் கிளை ஒன்றில் சராசரியாக 20 ஆக இருந்த காசாளர் எண்ணிக்கை, 1988-க்கும் 2004-க்கும் இடையே 13 ஆகக் குறைந்தது. கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் புதுக் கிளைகளைத் திறந்தன. நகரங்களில் கிளைகள் 43 சதவீதம் கூடின. மொத்தக் காசாளர் வேலைகள் சரியவில்லை. பணம் எண்ணுவது குறைந்து, வாடிக்கையாளரோடு பேசிக் கடனும் சேமிப்பும் விற்பது அவர்கள் வேலையானது.

இந்தக் கதையைப் பலர் இங்கேயே நிறுத்திவிட்டு ஆறுதல் சொல்கிறார்கள். அது சரியில்லை. வாடிக்கையாளர் கிளைக்கே வராமல் மொபைலில் வங்கி நடத்தத் தொடங்கியதும் கிளைகள் மூடப்பட்டன, காசாளர் வேலைகளும் குறைந்தன. ஒரு கருவி வேலையின் ஒரு துண்டை எடுத்தால் மிச்சத்துக்கு மதிப்புக் கூடலாம். வேலைக்கான காரணத்தையே இன்னொரு கருவி எடுத்துவிட்டால் மிச்சம் இல்லை. உங்கள் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் மேசைக்கு ஆட்கள் எதற்காக வருகிறார்கள்? அந்தக் காரணம் பத்து ஆண்டில் இருக்குமா?

கணக்குத் துறைக்கு இதில் நல்ல செய்தி இருக்கிறது. 1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் விசிகால்க் என்ற, தனிநபர் கணினிக்கான முதல் விரிதாளைக் கொண்டுவந்தார்கள். இன்றைய எக்செல்லின் முன்னோடி அது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்காவில் பதிவேடு எழுதும் குமாஸ்தாக்கள் குறைந்தார்கள், கணக்காளர்களும் நிதி ஆய்வாளர்களும் பெருகினார்கள். கணக்குப் போடும் செலவு குறைந்ததும் ஆட்கள் அதிகக் கணக்குக் கேட்டார்கள். விலையை ஐந்து ரூபாய் குறைத்தால் என்ன ஆகும், வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று கேட்பது அதற்கு முன் கட்டுப்படியாகவில்லை. நம்மூரிலும் 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது கணக்கர் தேவை கூடியது. முன்பு ஆண்டுக்கு ஒருமுறை ஆடிட்டர் ஆபீஸுக்குப் போன கடைக்காரருக்கு மாதாமாதம் ஆள் தேவைப்பட்டது.

கவலைப்பட வேண்டிய செய்தியும் உண்டு. பொருளியலாளர் எரிக் பிரின்ஜோல்ஃப்சனும் சக ஆய்வாளர்களும் 5,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களைப் பற்றி 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி கையில் கிடைத்ததும் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த புகார்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களிடம் அது 34 சதவீதம். தேர்ந்த ஊழியர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. அனுபவசாலியின் பதிலைக் கருவி கற்றுக்கொண்டு புதியவருக்குக் கொடுத்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே பிரின்ஜோல்ஃப்சன் 2025-இல் வேறு சிலரோடு அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்தபோது, இந்தக் கருவிகளின் வீச்சுக்குள் அதிகம் வரும் தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் சரிந்திருந்தது. புதியவரைச் சீக்கிரம் தேற்றும் கருவி இருக்கிறது, புதியவரை எடுக்கும் நிறுவனம் குறைகிறது.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இதுதான். என்ட்ரி போட்டுத்தான் எல்லோரும் கணக்குக் கற்றார்கள். ஆயிரம் பில்லைத் தட்டியவர் கண்ணுக்குத்தான் ஆயிரத்தொன்றாவது பில்லில் உள்ள கோளாறு தெரிந்தது. அந்த முதல் படியை எடுத்துவிட்டால் இரண்டாம் படிக்கு ஆள் எங்கிருந்து வரும்? இதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு முதலாளிகளுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் இருக்கிறது. பயிற்சிக்கு ஆள் எடுப்பதை நிறுத்தாதீர்கள், அவர்களுக்கு என்ட்ரிக்குப் பதில் சரிபார்ப்பைக் கொடுங்கள். இளைஞர்களோ அவர்கள் மனம் மாறும்வரை காத்திருக்க முடியாது.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

திங்கள் முதல் சனி வரை நீங்கள் செய்த ஒவ்வொரு வேலையையும் ஒரு நோட்டில் குறியுங்கள். எத்தனை நிமிடம் என்பதோடு, அது எந்த வகை என்றும் எழுதுங்கள். விதி தெரிந்தால் யாரும் செய்யக்கூடியதா? அல்லது அந்த பார்ட்டியை, அந்தச் சரக்கை, அந்த மாதத்தைத் தெரிந்தவர்தான் செய்ய முடியுமா? பொருளியலாளர்கள் டேவிட் ஆட்டர், ஃபிராங்க் லெவி, ரிச்சர்ட் மர்னேன் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படை இந்தப் பிரிவினைதான். விதியாக எழுதிவைக்கக்கூடிய வேலையைக் கணினி எடுத்துக்கொள்கிறது, எழுத முடியாததைச் செய்பவருக்குத் துணையாகிறது. இருபது ஆண்டு கடந்தும் இந்தப் பிரிப்பு வேலை செய்கிறது, விதியாக எழுதக்கூடியவற்றின் எல்லைதான் விரிந்துகொண்டே போகிறது.

நோட்டைப் பார்த்ததும் பலருக்கு ஓர் உண்மை புலப்படும். முதலாளி உங்களைத் தேடும் நேரம் இரண்டாம் வகை வேலைக்காக. உங்கள் நேரம் போவது முதல் வகையில்.

எதன் பக்கம் நகர்வது? எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் திசை, கம்பெனி செய்யும் தொழிலையே கற்றுக்கொள்வது. திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் ஒரு இடத்திலிருந்து வருகிறது. நிட்டிங் ஒரு யூனிட்டில், டையிங் வேறொன்றில், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க்குக்காகத் துணி ஊரைச் சுற்றுகிறது. ஒவ்வொரு நடைக்கும் டெலிவரி சலான். 1,000 கிலோ நூல் போய் 940 கிலோ துணி வந்தது என்று வையுங்கள். மென்பொருள் 60 கிலோ வித்தியாசம் என்று சிவப்பில் காட்டும், அதோடு நின்றுவிடும். அந்த 60 கிலோவில் நிட்டிங்கில் போனது எவ்வளவு, சாயப் பட்டறையில் எடை குறைந்தது எவ்வளவு, இந்த ரகத்துக்கு, இந்த நிறத்துக்கு அவ்வளவு போகுமா, போன மாதம் இதே யூனிட்டில் எவ்வளவு போனது? இதைக் கேட்கத் தெரிந்தவர் கணக்குப் பிரிவில் ஒருவர் இருந்தால் அந்தக் கம்பெனி ஆண்டுக்கு எத்தனை கிலோ துணியைக் காப்பாற்றும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்குக் கற்க வேண்டியது கணினியில் இல்லை. மதிய இடைவேளையில் கட்டிங் மாஸ்டரிடமும் துணிக் கிடங்குக்காரரிடமும் பேச வேண்டும். வாரம் ஒருமுறை சாயப் பட்டறைக்குச் சலான் கொண்டுபோகும் வண்டியில் நீங்களும் ஏறிக்கொள்ள வேண்டும். சட்டமும் இதோடு சேர்ந்தே வருகிறது: ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள்.

விலையும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது, ஓர் ஆடை 2,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்றானது. மென்பொருளில் விகிதத்தை மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் 2,500 ரூபாய்ச் சட்டை வரியோடு 2,625-க்கு விற்கிறது. 2,600 என்று விலை வைத்தால் வரியோடு 3,068. நீங்கள் நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்பதற்காக வாடிக்கையாளர் 443 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் ரகங்கள் எவை, எதன் விலையை இறக்கலாம், எதில் வேலைப்பாட்டைக் கூட்டி விலையைத் தாராளமாக ஏற்றலாம் என்று ஒரு தாளில் எழுதி முதலாளி முன் வைத்தவர் அன்று வெறும் டேலி ஆபரேட்டர் இல்லை.

இன்னொரு திசை பணம். பெரும்பாலான சிறு நிறுவனங்கள் தவிப்பது லாபம் இல்லாமல் இல்லை, கையில் காசு இல்லாமல்தான். பில் போட்ட 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் தராவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் தர வேண்டியதை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தர வேண்டும். தவறி நிதியாண்டும் தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டு வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியில் இந்த நடைமுறை வந்தது. பெரிய கம்பெனியிடம் மாட்டிக்கொண்ட பில்லைத் தள்ளுபடி செய்து முன்னதாகவே பணமாக்க ரிசர்வ் வங்கி அனுமதித்த ட்ரெட்ஸ் தளங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அவற்றில் சேர வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் முதலாளி 36 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்கும்போது இதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா?

மீனவர்களிடம் நடந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வட கேரளக் கடலோரத்தில் 1997-க்கும் 2001-க்கும் இடையே மொபைல் போன் வந்தபோது என்ன ஆனது என்று பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-இல் எழுதினார். அதற்கு முன் பிடித்த மத்தி மீனில் 5 முதல் 8 சதவீதம் வாங்க ஆளில்லாமல் வீணானது. படகிலிருந்தே பல கரைகளுக்குப் போன் போட்டு விலை கேட்கத் தொடங்கியதும் அந்த வீண் ஏறத்தாழ மறைந்தது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது. யாரும் முன்பைவிட வேகமாக மீன் பிடிக்கவில்லை. எங்கே கொண்டுபோவது என்ற முடிவு சரியானது. கணக்கரிடம் இருக்கும் தகவலும் அதே போல ஒரு முடிவைச் சரியாக்கும்போதுதான் பணமாகிறது.

காவலும் ஒரு வேலை. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். ஏற்றுமதி நிறுவனங்களைக் குறிவைத்து, பழைய பார்ட்டி பெயரிலேயே மின்னஞ்சல் அனுப்பி “வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்” என்று ஏமாற்றும் கூட்டம் இருக்கிறது. மின்னஞ்சலில் கொடுத்த எண்ணுக்கு அழைக்காமல், உங்களிடம் ஏற்கனவே இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்ட பிறகே பணம் அனுப்புவது என்ற ஒரு பழக்கத்தை நீங்கள் கொண்டுவந்தால், அது ஒரு நிறுவனத்தையே காப்பாற்றலாம்.

எதைக் கற்பது

எக்செல்லில் பிவட் டேபிளும் எக்ஸ்லுக்கப்பும் தெரியாமல் இனி நகர முடியாது. அதற்கு அடுத்து பவர் குவரி. மாதாமாதம் இறக்கும் 2பி கோப்பையும் உங்கள் கொள்முதல் பட்டியலையும் ஒருமுறை பொருத்தும் வழியை அமைத்துவிட்டால், அடுத்த மாதம் புதுக் கோப்பைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஸ்வயம் தளமும் சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் படிக்க இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். கல்லூரியில் படிப்பவர்களுக்கு 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. சான்றிதழ்களைக் குவிக்க வேண்டாம். ஒன்றை முடித்து, அதை உங்கள் அலுவலகக் கோப்பில் பயன்படுத்திக் காட்டுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயப்படாமல் தினமும் பயன்படுத்துங்கள். பாக்கி கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுத, எக்செல் சூத்திரம் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்க, வரித் துறையின் நோட்டீஸைப் புரியும் மொழியில் விளக்கச் சொல்ல அது நல்ல துணை. ஆனால் சட்டப் பிரிவு எண்ணையும் கடைசித் தேதியையும் அது சொன்னால் துறையின் தளத்தில் பார்க்காமல் நம்பாதீர்கள். இல்லாத பிரிவை இருப்பதுபோல உறுதியாகச் சொல்லும் வழக்கம் அதற்கு உண்டு. பார்ட்டிகளின் பான் எண், வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் எதையும் இலவசப் பொதுக் கருவிகளில் போடாதீர்கள். ரிட்டர்னில் தப்பு வந்தால் அபராதம் கம்பெனிக்கு, பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

கவனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனித-கணினி உறவை ஆராயும் குளோரியா மார்க், ஒருவர் திரையில் ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குத் தாவும் நேரத்தை அளந்துவருகிறார். 2004-இல் சராசரி இரண்டரை நிமிடம், அண்மைய ஆண்டுகளில் 47 விநாடி. நம் அலுவலகங்களில் பில், சலான், செக் படம், முதலாளியின் கட்டளை எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழுவில் வருகின்றன. ரீகன்சிலேஷன் செய்யும் ஒரு மணி நேரம் குழுவை அணைத்துவைக்க அனுமதி கேட்டு வாங்குங்கள். அவசரம் என்றால் போன் போடட்டும்.

நாற்பத்தைந்தைக் கடந்தவர்களுக்கு

புது மென்பொருள் வந்ததும் முதலில் ஓரங்கட்டப்படுவது பெரும்பாலும் பழைய கணக்கர்தான். அது அநியாயம் மட்டுமில்லை, நஷ்டமும்கூட. எந்தப் பார்ட்டி தீபாவளிக்கு முன் தருவார், யார் கையெழுத்திட்ட செக் திரும்பும், 2018-இல் எந்த நோட்டீஸுக்கு என்ன பதில் கொடுத்தோம் என்பதெல்லாம் எந்தக் கணினியிலும் இல்லை. ஐயா, அம்மா என்று இளையவர்கள் மரியாதை கொடுக்கும் அந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள். பவர் குவரி தெரிந்த ஓர் இளையவரை அருகில் உட்காரவைத்து, நீங்கள் தொழில் சொல்லிக்கொடுங்கள், அவரிடம் கருவியைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் மனதில் மட்டும் இருக்கும் பார்ட்டி விவரங்களை எழுதியும் வையுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் நம்மை அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் புரிகிறது. அனுபவத்தில் பார்த்தவரை, எழுதித் தருபவரிடம்தான் அடுத்த கேள்வியும் வருகிறது.

மிச்சமானதில் பங்கு

உற்பத்தித்திறன் கூடினால் சம்பளம் தானாகக் கூடும் என்று நம்பி உட்கார வேண்டாம். கேட்க வேண்டும், கேட்க ஆதாரம் வேண்டும். மேலே சொன்ன நோட்டைத் தொடருங்கள். “20-ஆம் தேதிக்கு முன் மூன்று நாள் ஆன வேலை இப்போது அரை நாள்”, “விடுபட்டிருந்த உள்ளீட்டு வரி இவ்வளவு மீட்கப்பட்டது”, “பாக்கி வசூல் சராசரி இத்தனை நாளிலிருந்து இத்தனை நாளாகக் குறைந்தது” என்று தொகையும் தேதியுமாக எழுதுங்கள். ஏப்ரலில் சம்பளம் பேசும்போது அந்தத் தாள் பேசும். சம்பளம் கூட்ட முடியாத இடம் என்றால், மிச்சமான நேரத்தில் காஸ்டிங்கையோ வங்கிக் கடன் கோப்பையோ உங்களிடம் தரச் சொல்லுங்கள். அடுத்த வேலைக்கு அதுதான் தகுதி.

ஆள் குறைப்பு என்று வந்தால் சட்டம் முழுக்கக் கையை விரிக்கவில்லை. ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர, தொழில்நுட்ப மாற்றத்துக்குப் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் சொன்னது. 2020-இல் இயற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அந்த 21 நாளைத் தக்கவைத்திருக்கிறது. குமாஸ்தா வேலை செய்பவரும் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருவார். இது வேலையைக் காப்பாற்றித் தரும் என்று சொல்ல மாட்டேன். பேச ஒரு மேசையும் கொஞ்சம் அவகாசமும் தரும். நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் கையில் இல்லாதவருக்கு அதுவும் கடினம். இரண்டையும் இன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் நேர்காணலில் சம்பளத்தோடு இன்னும் மூன்று கேள்விகள் கேட்கலாம். 2பி ஒத்துப்பார்ப்பது யார்? பொருள் விலை நிர்ணயிக்கும்போது கணக்குப் பிரிவைக் கேட்பார்களா? ஆறு மாதத்துக்குப் பிறகு எனக்கு என்ன வேலை தருவீர்கள்? மூன்றுக்கும் “அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்குவார், நீங்க என்ட்ரி போட்டா போதும்” என்று பதில் வந்தால், வேறு வழியில்லாத பட்சத்தில் சேருங்கள். சேர்ந்த அன்றே அந்த ஆடிட்டர் ஆபீஸ் எங்கே இருக்கிறது, அங்கே இளநிலை ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்து வையுங்கள்.